2017-ல ஆரம்பிச்ச, இத்தாலி கிளப் யுவென்டஸோட பெண்கள் ஃபுட்பால் டீம் எப்படி நேரா சீரி ஆ-வுக்கு, அதாவது இத்தாலியோட டாப் லீகுக்கு வந்துச்சு?

காரணம் "ஸ்போர்ட்ஸ் உரிமம்". ஒரு லீக்ல ஆடுறதுக்கு கிளப்புக்கு இருக்கிற இடம்தான் அது. புது டீம்னா கீழ் டிவிஷன்ல இருந்துதான் ஏறி வரணும், வருஷக்கணக்கா ஆகும், அதனால யுவென்டஸ் குனியோங்கிற சின்ன ஊர் கிளப்போட உரிமத்தை வாங்கிடுச்சு. ஓடிக்கிட்டிருக்கிற மளிகைக் கடையை அப்படியே வாங்கி போர்டை மாத்துற மாதிரி. இதுக்கு முன்னாடியே, 2015-ல இன்னொரு இத்தாலி கிளப்பான ஃபியோரென்டினா இதே வழியில வந்துச்சு.

முதல் சீசன்லயே பிரேஷியா கிளப்பும் யுவென்டஸும் சம பாயிண்ட், நோவாராங்கிற ஊர்ல பட்டம் யாருக்குன்னு முடிவு பண்ண ஒரு பிளேஆஃப் மேட்ச் வச்சு பெனால்டி வரைக்கும் போய் ஜெயிச்சாங்க பாருங்க, அதையும் சேர்த்து 2022 வரை தொடர்ந்து 5 பட்டம்! 2019 மார்ச்ல ஃபியோரென்டினா மேட்சுக்கு 39,000 பேர் வந்தாங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பெரிய கிளப்னால இவங்க முதல்ல இருந்தே ப்ரொஃபெஷனல்னு பலர் நினைக்கிறாங்க, இல்லைங்க, இத்தாலியில பெண்கள் ஃபுட்பாலுக்கு அந்த அந்தஸ்து 2022 ஜூலைலதான் கிடைச்சது, அந்த 5 பட்டமும் சட்டப்படி அமெச்சூரா இருந்தப்போ ஜெயிச்சது.