ப்ரீபயாடிக் கொடுத்தால் பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வராமல் தடுக்கலாமா?

முதல் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து லைட்டில் வைத்தார்கள், அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம், இந்த முறை பிறந்தவுடனே ப்ரீபயாடிக் (குடலின் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகும் பொருள்) கொடுத்தால் தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கும் இதே காமாலை வந்தது. அப்போது இதே கேள்வியோடு தவித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அவள் 37 வாரத்தில் சிசேரியனில் பிறந்தாள். மூன்றாம் நாள் காலை சிஸ்டர் வந்து அவள் மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மாம்பழத் தோல் மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் 17. கண்ணைக் கட்டி, டயப்பர் மட்டும் போட்டு, நீல விளக்குக்குக் கீழே படுக்க வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் உறவினர் ஒருவர் மருந்துக் கடையில் விசாரித்து ப்ரீபயாடிக் பொடி ஒன்று வாங்கி வந்தார். அத்தையோ, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் புகட்டலாமே என்றார். சிஸ்டர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு என் கையில் பாலாடையைக் கொடுத்தார். "பாப்பா அம்மா, முதல்ல பாலைப் பீச்சுங்க. பாப்பா எத்தனை தடவை பால் குடிக்குது, எத்தனை தடவை மலம் போகுதுன்னு எழுதி வைங்க."

மலத்தை எண்ணுவதற்கும் காமாலைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் நம்மைவிட அதிகம்; அவை சீக்கிரம் உடையவும் செய்யும். உடையும்போது வரும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். ஈரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டும். பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்த வேகம் இன்னும் வந்திருக்காது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் பிலிருபினை வேறு பொருளாக மாற்றி மலத்தோடு அனுப்பிவிடும். குழந்தையின் குடலிலோ அவை இன்னும் குடியேறவே இல்லை. அதனால் மலம் தங்கத் தங்க, குடலுக்கு வந்த பிலிருபின் பிரிந்து மறுபடி ரத்தத்துக்கே ஏறிவிடுகிறது. முதல் இரண்டு நாள் தார் மாதிரி கறுப்பாகப் போகுமே, அந்த மலத்தில் பிலிருபின் நிறைய இருக்கிறது. அது எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது.

ப்ரீபயாடிக் யோசனை இங்கேதான் வருகிறது. பலர் இதையும் ப்ரோபயாடிக்கையும் குழப்பிக்கொள்கிறார்கள். ப்ரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) என்பது உறைமோர் என்றால், ப்ரீபயாடிக் அந்த உறை வளர்வதற்கான பால். அதாவது குடலில் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாகும் ஒருவகைச் சர்க்கரை. அதைக் கொடுத்தால் அவை பெருகும், மலம் இளகி அடிக்கடி போகும், பிலிருபின் திரும்ப ஏறுவது குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு இதுபற்றிய ஆய்வுகளைத் தேடித் தொகுத்தபோது கிடைத்தவை 3 சின்ன ஆய்வுகள். எல்லாம் சேர்த்து 154 குழந்தைகள். மலம் போகும் தடவை கூடியது உண்மை. காமாலையைத் தடுக்கிறது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். இவ்வளவை நம்பிப் பிறந்த குழந்தையின் வாயில் பொடியைக் கரைத்து ஊற்ற எனக்கு மனம் வராது. கடையில் விற்கும் பொடிகள் பலவற்றில் ப்ரோபயாடிக்கும் கலந்திருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு அது ஆபத்தாகலாம் என்று 2023-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

நீங்கள் தேடும் ப்ரீபயாடிக் உங்களிடமே இருக்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகம் இருப்பது குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகள். அவை குழந்தைக்கான உணவே அல்ல, பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாவுக்கான உணவு. சீம்பாலில் இவை இன்னும் அடர்த்தி. இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாலாடையில் நான் பீச்சி வைத்த அந்த இரண்டு ஸ்பூன் மஞ்சள் பாலைப் பார்த்து, இது போதாது என்று அழுதிருக்கிறேன்.

அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சிசேரியன் என்றாலும் கேளுங்கள், உதவி செய்வார்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுங்கள்; தூங்கினாலும் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், பால் குறைந்தால் மலமும் குறையும். என் மகளுக்கு விளக்கு வைத்த இரண்டாம் நாள் மலம் பச்சையாக, தண்ணியாக, நாலைந்து தடவை போனது. நான் பயந்தேன், சிஸ்டர் சந்தோஷப்பட்டார். வெளிச்சம் பட்டதும் பிலிருபின் எளிதாக வெளியேறும் வடிவத்துக்கு மாறிவிடுமாம். மூன்றாம் நாள் விளக்கை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கடுகு நிறத்தில் மலம் போக ஆரம்பித்தது.

இளவெயிலில் காட்டினால் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் 1950-களில், குழந்தைகளின் உடலில் வெயில் பட்ட இடம் மட்டும் மஞ்சள் வெளுத்திருப்பதை ஜீன் வார்டு என்ற சிஸ்டர் கவனித்ததில்தான் இந்த விளக்குச் சிகிச்சையே பிறந்தது. ஆனாலும் அளவு ஏறிவிட்ட குழந்தைக்கு வெயிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இன்னொன்று, குழந்தைத் துணியில் பாச்சை உருண்டை போட்டு வைக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவது) உள்ள குழந்தைக்கு அந்த நெடியே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு போய்ப் பால் குடிக்க மறுத்தாலோ, கீச்சென்று வினோதமாக அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ நடு ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். பிலிருபின் மூளைக்கு ஏறினால் திரும்பப் பெற முடியாத பாதிப்பு. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போனால் அது வேறு நோய், பித்தக்குழாய் அடைப்பாகக்கூட இருக்கலாம். அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் குழந்தைக்கு லைட் வைத்ததை இப்போதே உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது முக்கியமான தகவல். உங்கள் ரத்த வகை 'ஓ' அல்லது நெகட்டிவ் என்றால் அதையும் ஞாபகப்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் பிலிருபின் பார்த்து, அடுத்து எந்த நாள் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.