எடோமொக்சிர் 100 மைக்ரோமோலார் போட்டா கொழுப்பு மட்டும் நிக்காது

தங்கச்சி, செல் கொழுப்ப எரிக்கிறத நிப்பாட்டுற எடோமொக்சிர் மருந்த 100 மைக்ரோமோலார் போட்டதும் செல்லோட ஒட்சிசன் பாவனை பாதியா விழுந்திருச்சு, அப்ப இந்த செல் கொழுப்ப நம்பித்தான் இருக்குதுன்னு தீசிஸ்ல எழுதலாமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு இப்ப எழுதிறாதீங்க. கொழுப்பமிலத்த மைட்டோகொண்ட்ரியாவுக்குள்ள ஏத்திவிடுற சீபீடீ1 (CPT1) நொதிய நிப்பாட்ட 3-5 மைக்ரோமோலாரே பெரும்பாலும் போதும், நீங்க போட்ட அளவுல அது மைட்டோகொண்ட்ரியாவோட சுவாசச் சங்கிலியில இருக்கிற கொம்ப்ளெக்ஸ் 1ஐயும் சேர்த்து அமுக்கும், 2018ல வந்த ஆய்வுகள் இத தெளிவாவே காட்டிச்சு. நம்ம மலையில புல்லுக்கு அடிக்கிற மருந்து கூடிப்போனா கொழுந்தும் கருகுமே, அந்த மாதிரிதான்.

செல் சவ்வுல ஓட்டை போட்டு கொம்ப்ளெக்ஸ் 1 வழியா எரியிற பைருவேட்டும் மேலேட்டும் குடுத்துட்டு அதே டோஸ் போட்டுப் பாருங்க, அங்க கொழுப்புக்கு வேலையே இல்ல, அப்பயும் சுவாசம் விழுந்தா அது கொம்ப்ளெக்ஸ் 1 பிரச்சினை. சக்சினேட் குடுத்தா கொம்ப்ளெக்ஸ் 2 வழியா திரும்ப ஏறணும். பெறகு 1 மைக்ரோமோலார்ல இருந்து எடோமொக்சிர் டோஸ ஏத்திப் பாருங்க, முடிஞ்சா சீபீடீ1 ஜீன கொறச்சும் செய்யுங்க.

2-டீஜி (2-டிஒக்சிகுளுக்கோஸ்) போடுறதா இருந்தாலும் கவனம், அது செல் சீனிய உடைக்கிற கிளைக்கொலிசிஸ மட்டுமில்ல, புரதத்துல சீனி ஒட்டுறதையும் கெடுக்கும், எனக்கு அதுல ஒரு வருசம் போச்சு, பக்கத்துல மேனோஸ்ங்கிற சீனிய குடுத்து ஒரு கொன்ட்ரோல் வைங்க. டோஸ் கேர்வ் வந்ததும் இங்கயே போடுங்க, சேர்ந்து பாப்போம்.