அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுறவங்க ரிட்டயர் ஆனப்புறம் என்ன பண்ணுவாங்க? உருப்படியா செட்டில் ஆனவங்க யாராவது இருக்காங்களா?

நெறைய பேர் டிவில கமென்ட்ரி, கோச்சிங், இல்ல கார் ஷோரூம்னு போயிடுவாங்க, சிலர் கையில இருந்த காசையெல்லாம் கரைச்சுட்டு கோர்ட்டு படி ஏறுவாங்க. கோர்ட்டுக்குப் போய் நீதிபதி சீட்ல உக்காந்த ஒருத்தர் இருக்கார், ஆலன் பேஜ். என்னைக் கேட்டா உங்க கேள்விக்கு இவர் ஒருத்தர் போதும், ஏன்னா இவர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கல.

1945ல ஒஹையோல கேன்டன் ஊர்ல பொறந்தவர். நோட்டர் டேம் காலேஜ்ல ஆடிட்டு 1967ல மினசோட்டா வைக்கிங்ஸ் டீமுக்கு வந்தார். டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது எதிர் டீம் லைனை நடுவுல பொளந்துக்கிட்டு உள்ள போய் பந்து வச்சிருக்கவனைச் சாய்க்கிற வேலை. 1971ல அந்த வருஷத்தோட எம்விபி அவார்டு, அதாவது சீசனோட மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இவருக்குக் கிடைச்சுது, பந்து எறியறவனுக்கும் தூக்கிட்டு ஓடுறவனுக்கும் குடுத்துப் பழகின அவார்டு, டிஃபென்ஸ் ஆளுக்குக் குடுத்தது அதுதான் முதல் தடவை. சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ஃபைனலான சூப்பர் பௌல் நாலு தடவை ஆடினார், நாலுலயும் தோல்வி. இன்னொரு கூத்து, குவார்டர்பேக்கை, அதாவது பந்து எறியறவனை, சாய்க்கிற 'சாக்' கணக்கை அந்த ஊர் ப்ரொஃபெஷனல் லீக்கான என்எஃப்எல் அதிகாரப்பூர்வமா எழுத ஆரம்பிச்சதே 1982ல, இவர் 1981 சீசனோட ரிட்டயர் ஆயிட்டார், அதனால ரெக்கார்டுல இவர் பேர்ல ஒரு சாக் கூட இல்ல!

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன். ஆடிட்டு இருக்கும்போதே மினசோட்டா யுனிவர்சிட்டில லா சேர்ந்துட்டார். 1977 ஜனவரில சூப்பர் பௌல் ஆடுறப்போ இவர் லா காலேஜ் ஸ்டூடன்ட், யோசிச்சுப் பாருங்க. அதே சமயத்துல மனைவி டயான் சிகரெட்டை விட முயற்சி பண்ணிட்டு இருந்தாங்க, அவங்களுக்குத் துணையா இவரும் ஓட ஆரம்பிச்சார், ஓட்டம் பிடிச்சுப் போய் விடவே இல்ல, உடம்பு இளைச்சுட்டே வந்துது. அந்தப் பொசிஷன்ல ஆடுறவங்க மலை மாதிரி இருக்கணும்னுதான் கோச்சுங்க எதிர்பார்ப்பாங்க. 1978ல சட்டப் பட்டம் கையில வந்துது, அதே வருஷம் சீசன் நடுவுல வைக்கிங்ஸ் இவரைக் கழட்டி விட்டுட்டாங்க, பழைய மாதிரி ஆட முடியலன்னு காரணம் சொன்னாங்க. சிகாகோ பேர்ஸ் வெறும் 100 டாலர் ஃபீஸ் கட்டி எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இதுல வைக்கிங்ஸ் மேல இன்னைக்கும் கடுப்புதான், ஏன்னா "முடியல"ன்னு சொன்ன ஆளு அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு மேல ஒரு மேட்ச் விடாம ஆடினார், 1979ல முழு மாரத்தானையும் ஓடி முடிச்சார், லீக்ல ஆடிக்கிட்டே மாரத்தான் ஓடின முதல் ஆளே இவர்தான். சீசன் இல்லாத மாசங்கள்ல மினியாபொலிஸ்ல வக்கீல் வேலை வேற.

அப்புறம் மினசோட்டா மாநில அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ்ல வேலை. அங்க மாநில சுப்ரீம் கோர்ட் ஜட்ஜை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க, 1992ல இவர் நிக்கலாம்னு பாத்தா பதவியில இருந்த ஜட்ஜோட காலத்தை கவர்னர் நீட்டிச்சு எலெக்‌ஷனே இல்லாம பண்ணிட்டார். இவர் சும்மா விடல, கேஸ் போட்டார். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்களே அதை விசாரிச்சா நல்லா இருக்காதுன்னு வேற நீதிபதிகளை வச்சு விசாரிச்சாங்க, ஜெயிச்சார், எலெக்‌ஷன் நடந்துது, அதுலயும் ஜெயிச்சார். மினசோட்டா சுப்ரீம் கோர்ட்ல முதல் கறுப்பின நீதிபதி. அதுக்கப்புறம் மூணு தடவை திரும்பவும் ஜெயிச்சு, 70 வயசானா கட்டாய ஓய்வுங்கிற சட்டத்தால 2015ல வெளிய வந்தார்.

அவர் கையைப் பாத்தீங்கன்னா ஒரு சுண்டுவிரல் மட்டும் மடங்கி, பக்கவாட்டுல நேரா வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், ஆட்டத்துல திரும்பத் திரும்ப பெசகினது. ஸ்கூல் பசங்களைப் பாக்கப் போனா முதல்ல அதைத்தான் கேப்பாங்களாம், அந்த விரலை வச்சே டீச்சரா இருக்கிற மகளோட சேர்ந்து குழந்தைங்களுக்கு ஒரு புக்கும் எழுதினார். 2017ல மினியாபொலிஸ்ல ஒரு மிடில் ஸ்கூலுக்கு இவர் பேரை வச்சாங்க. 2018 செப்டம்பர்ல டயான் இறந்துட்டாங்க, நவம்பர்ல இவருக்கு அமெரிக்காவோட பெரிய சிவிலியன் விருதான பிரசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் கிடைச்சுது.

இவர் பொறந்த கேன்டன்லதான் பெரிய ஆட்டக்காரங்களை கௌரவிக்கிற ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமும் இருக்கு, அந்தக் கட்டடம் எழும்புறப்போ டீன் ஏஜ் பையனா அங்க கட்டட வேலை பாத்தவர் இவர். 1988ல இவரையே அதுல சேத்தப்போ, மேடையில அறிமுகப்படுத்த கோச்சையோ டீம் ஆளுங்களையோ கூப்பிடாம மினியாபொலிஸ் ஸ்கூல் பிரின்ஸ்பால் ஒருத்தங்களைக் கூப்பிட்டார். பேசினதும் பெரும்பாலும் படிப்பைப் பத்திதான். அதே வருஷம் டயானோட சேர்ந்து ஸ்காலர்ஷிப் ஃபவுண்டேஷன் ஒண்ணு ஆரம்பிச்சார், பணம் வாங்குற காலேஜ் பசங்க சின்ன பசங்களுக்கு நேரம் ஒதுக்கி படிப்புல உதவணும்னு ஒரு கண்டிஷனோட.