உச்சக் கோட்டினை யார் அழிக்கலாம்?

கேள்வி: எங்கள் தோட்ட அலுவலகத்து லினக்ஸ் சர்வரில் ஒரே நிரல்தான் கொழுந்து நிறுவையையும் மாதக் கடைசியில் செக்ரோலையும் (தொழிலாளர் சம்பளக் கணக்கு) பார்க்கிறது. மெமரி போதாமல் செக்ரோல் நேரத்தில் அது கொல்லப்படுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தால் 600 எம்பிக்கு மேல் தெரிவதில்லை. ஒவ்வொரு வேலையின் உச்சத்தையும் தனியாக எப்படி எடுப்பது? – வாசகர், பண்டாரவளை

பதில்: மூன்று விநாடி ஏறி இறங்கும் உச்சம் நிமிடத்துக்கொரு அளவையில் சிக்காது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினாலும் கரையில் மண்கோடு நிற்குமே, லினக்ஸின் மையமான கர்னலும் அப்படி ஒரு கோடு வைத்திருக்கிறது. ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் அடைவில் உங்கள் நிரலின் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்ஹெச்டபிள்யூஎம் என்ற வரியைப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்தும் ‘ஹை வாட்டர் மார்க்’தான்!

சரி, அடுத்த வேலைக்கு முன் கோட்டை அழிக்க வேண்டுமே? அதே அடைவின் கிளியர்_ரெஃப்ஸ் கோப்பில் 5 என்று எழுதினால் அழியும். ஆனால் எல்லோருக்குமே அழியும். இன்னொரு கண்காணிப்பு நிரலும் அதையே படித்தால் அதன் கணக்கு கெட்டுவிடும்.

சிகுரூப் (நிரல்களைக் குழுவாக்கி அவற்றின் மெமரியை அளக்கும் கர்னல் வசதி) இரண்டாம் பதிப்பின் மெமரி.பீக் கோப்பில் லினக்ஸ் 6.12இலிருந்து இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அதைத் திறந்து எதையாவது எழுதினால், அந்த ஃபைல் டிஸ்கிரிப்டர் (கோப்பைத் திறக்கும்போது கிடைக்கும் கைப்பிடி எண்) வழியாகப் படிப்பவருக்கு மட்டும் உச்சம் அப்போதைய அளவிலிருந்து தொடங்கும். மற்றவர்களின் கோடு அப்படியே இருக்கும். வடிவமைப்பு என்றால் இதுதான்.

இதில் பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஷெல்லில் ‘எக்கோ’ கட்டளையால் எழுதிவிட்டு ‘கேட்’ கட்டளையால் படிப்பார்கள். பழைய உச்சமே வரும். எக்கோ திறந்த டிஸ்கிரிப்டர் அது முடிந்ததுமே மூடிவிடுகிறது, கேட் புதிதாக ஒன்றைத் திறக்கிறது. பைதானில் ஒருமுறை திறந்து, எழுதி, மூடாமல் வைத்திருந்து, வேலை முடிந்ததும் அதையே ‘ப்ரெட்’ (குறித்த இடத்திலிருந்து படிக்கும் கட்டளை) கொண்டு 0ஆம் இடத்திலிருந்து படியுங்கள். இந்த எண்ணில் கோப்புகளுக்கான கேஷும் (படித்த கோப்புகளை மெமரியில் வைத்திருக்கும் இடம்) சேரும் என்பதால் விஎம்ஹெச்டபிள்யூஎம்மைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

உபுண்டு 24.04 வந்தபோது அதன் கர்னல் 6.8, அதில் இந்த அழிப்பு வசதி கிடையாது. டெபியன் 13இல் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் செக்ரோலைத் தனி சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) சர்வீஸாகப் பிரித்துவிடுவேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது சிகுரூப் குழு, புதுக் கோடு, மெமரி.பீக் 5.19இலிருந்தே இருப்பதால் இதற்குப் பழைய கர்னலே போதும். ஒன்று மட்டும்: சர்வீஸ் நின்றதும் குழுவும் போய்விடும். எண்ணை அதற்கு முன்பே, நிரலின் கடைசி வரியிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.