சொகுசு கார் நிறுவனம் புதிய மாடல் வரிசையைத் திட்டமிடும்போது எதை முதலில் முடிவு செய்யும்?

வடிவமா, எஞ்சினா என்றுதான் பலரும் கேட்பார்கள். கார் உதிரிபாக வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பாகத்தை எந்தக் காரோடு பங்கு போடுவது என்பதில்தான் முதல் சண்டையே தொடங்கும். ஏழெட்டு லட்சத்துக்குக் கார் வாங்குபவர், தன் வண்டியின் ஸ்விட்ச் இன்னொரு மாடலிலும் இருக்கிறதே என்று வருந்தமாட்டார். கோடிக்கணக்கில் கொடுப்பவர் வருந்துவார்.

போர்ஷேவையே பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் விற்பனை படுத்துவிட்டது. அப்போது அவர்களிடம் இருந்தவை 911, 928, 968 என்ற மூன்று மாடல்கள். முதலாவதற்கு எஞ்சின் பின்னால், காற்றில் குளிர்வது; மற்ற இரண்டுக்கும் முன்னால், தண்ணீரில் குளிர்வது. அந்த இரண்டிலும் ஒன்று வி8, அதாவது எட்டு சிலிண்டர்; மற்றது நான்கு சிலிண்டர். வருமானம் குறைந்த வீட்டில் மூன்று அடுப்பு எரிந்த கதைதான். 1995இல் 928, 968 இரண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

மாற்றாக வந்தது பாக்ஸ்ஸ்டர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1993 டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரியைக் காட்டி, 1996இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மறு வருடம் புதிய 911 வந்தது. நிறுவனத்துக்குள் அதன் எண் 996. இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டதால் கதவு, பானெட், ஹெட்லைட் எல்லாம் பொது. செலவுக் கணக்கில் அருமையான வேலை. ஆனால் அதிக விலை கொடுத்து 911 வாங்கியவருக்கு, எதிரே வரும் பாக்ஸ்ஸ்டருக்கும் அதே முகம்! இண்டிகேட்டரையும் சேர்த்து ஒரே கண்ணாடிக்குள் அடைத்த அந்த ஹெட்லைட்டை ஆஃப்பாயில் முட்டை என்று கிண்டலடித்தார்கள். பிறகு 911க்கு மட்டும் ஹெட்லைட்டை மாற்றினார்கள். 2004இல் வந்த அடுத்த தலைமுறையில் பழைய வட்ட விளக்கே திரும்பிவிட்டது.

2002இல் வந்த கேயென் எஸ்யூவி இன்னும் சுவாரசியம். ஃபோக்ஸ்வாகனின் டூவாரெக் எஸ்யூவியோடு பிளாட்ஃபார்ம், அதாவது வண்டியின் அடிக்கட்டமைப்பு மட்டுமல்ல, கதவுகளும் பொது. அப்போது பாடி ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் தயாராகி, ஜெர்மனியின் லைப்சிக்கில் முழு வண்டியானது. போர்ஷே எஸ்யூவி செய்யலாமா என்று ரசிகர்கள் கொதித்தார்களே தவிர, கதவைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. என் பார்வையில் காரணம் எளிது: டூவாரெக் வேறு கடையில் நின்றது. ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளின் ஒற்றுமைதான் உறுத்தும். கேயெனின் முகமும் அதன் வி8 எஞ்சினும் போர்ஷேவின் சொந்தச் சரக்கு. பின்னால் வந்த ஆரம்ப விலை மாடலில் ஃபோக்ஸ்வாகனின் வி6 எஞ்சினையே வைத்தார்கள், அதுவும் விற்றது. 2024இல் போர்ஷே விற்ற சுமார் 3.1 லட்சம் கார்களில் ஒரு லட்சத்துக்கு மேல் கேயென்தான். 911 ஐம்பதாயிரம் சொச்சம்.

இதில் திட்டக்காரர்கள் கையில் இல்லாதது காலம். இன்று வடிவமைக்கும் கார் ரோட்டுக்கு வர நாலைந்து வருடம் ஆகிவிடும். கேயெனுக்கு மேலே ஒரு பெரிய எஸ்யூவியை முழு மின்சார வண்டியாகத்தான் போர்ஷே திட்டமிட்டிருந்தது. அதற்குள் அவர்களின் மின்சாரக் காரான டைகானின் விற்பனை 2024இல் பாதியாகக் குறைந்தது. முதலில் பெட்ரோல், பிளக்-இன் ஹைபிரிட் (எஞ்சினோடு, சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உள்ளது) வகைகளில்தான் அந்த எஸ்யூவி வரும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள். தரை முழுக்க பேட்டரிக்கென்று வரைந்த பிளாட்ஃபார்மில் எஞ்சினையும் டேங்கையும் திணிக்க முடியாது. ஆகவே எதை யாரோடு பங்கு போடுவது என்ற பட்டியலை அவர்கள் மறுபடி முதல் வரியிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.