கிழக்கு என்ற சொல்லுக்குள் சூரியன் இல்லை

கேள்வி: ‘கிழக்கு’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் என்ன? நகரத்தில் இருப்பவர்கள் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்களா?

ராயபுரத்தில் எங்கள் சந்தில் பொங்கல் அன்று வாசலில்தான் பானை வைப்போம். ஆளுக்கு மூன்று செங்கல், எல்லா வீட்டு அடுப்பும் ஒரே வரிசை. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் அந்த வருஷம் நன்றாக இருக்கும் என்பது ஆயாவின் கட்சி. அதற்காகச் சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஆயா சும்மா உட்கார்ந்திருக்காது. “டேய், மேற்கால ஒரு சில்லு வைடா” என்று குரல் வரும். நான் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைப் பொறுக்கி வந்து மேற்குப் பக்கத்துச் செங்கல் மேல் வைப்பேன். பானை ஒரு விரற்கடை கிழக்கே சாயும். அப்புறம் பால் வேறு எங்கே போகும்?

உங்கள் கேள்விக்கான பதில் அந்தச் சில்லில் இருக்கிறது. கிழக்கு என்றால் கீழ்ப்பக்கம், சாய்ந்த பக்கம். மேற்கு என்றால் மேல்பக்கம். ‘சூரியன் உதிக்கும் திசை கிழக்கு’ என்று பள்ளியில் படித்தது அடையாளம் காட்டுவதற்காகச் சொன்னது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சூரியன் கிடையாது, ‘கீழ்’தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் மேற்கே மலை, கிழக்கே கடல். காவிரி, பாலாறு, தென்பெண்ணை எல்லாம் மேலிருந்து இறங்கி வங்கக் கடலுக்கு வருகின்றன. தண்ணீர் போகிற போக்கைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

‘கிழக்கு’ என்பதற்குக் ‘கீழே’ என்ற பொருள் இருந்ததற்குத் திருக்குறளிலேயே சாட்சி இருக்கிறது. 488ஆம் குறள்:

செறுநரைக் காணின் சுமக்க இறுவரை
காணின் கிழக்காம் தலை.

பகைவனைப் பார்த்தால் இப்போதைக்குப் பொறுத்துக்கொள், அவனுக்கு முடிவுகாலம் வந்ததும் அவன் தலை தானாகக் கீழே விழும் என்பது கருத்து. ஒன்பதாம் வகுப்பில் நான் இதற்கு, எதிரியின் தலை கிழக்குத் திசையில் உருண்டு போகும் என்று பொருள் எழுதினேன். தமிழ் ஐயா அதை வகுப்பு முழுவதற்கும் படித்துக் காட்டினார். அன்றைக்குப் பிறகு இந்தக் குறள் எனக்கு மறக்கவே இல்லை.

அதற்கும் முன்னால் கிழக்குக்குத் தனியாக ஒரு சொல் இருந்தது, குணக்கு. மேற்குக்குக் குடக்கு. புறநானூற்றின் 6ஆம் பாட்டு நாட்டின் நான்கு எல்லைகளைச் சொல்லும்போது வடக்கு, தெற்கு, குணக்கு, குடக்கு என்றுதான் சொல்கிறது. வடக்கும் தெற்கும் இன்றும் அதே பெயரில் நடமாடுகின்றன. மற்ற இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. மார்கழி விடிகாலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பள்ளியெழுச்சி போட்டால் ‘கதிரவன் குணதிசைச் சிகரம் வந்தணைந்தான்’ என்று கேட்கும். இந்தப் பக்கம் குணதிசையைக் காதால் கேட்பதற்கு அந்த ஒரு மாதம்தான்.

பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் சுவையாகிறது. கன்னடத்தில் கிழக்குக்கு ‘மூடு’, மேற்குக்குப் ‘படு’. ஒன்று சூரியன் எழுவது, மற்றது விழுவது. மலையாளத்தில் மேற்கு ‘படிஞ்ஞாறு’, அதாவது ஞாயிறு படும் இடம். இவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே மலையாளத்தில் கிழக்குக்குக் ‘கிழக்கு’ என்றே சொல்கிறார்கள். கேரளத்தில் கிழக்கே என்ன இருக்கிறது? மலை! ஊரிலேயே உயரமான பக்கத்துக்குக் ‘கீழ்ப்பக்கம்’ என்று பெயர். மலைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களின் வாயில் பிறந்த சொல் மலையைத் தாண்டி அங்கே போயிருக்க வேண்டும் என்பதற்குத் திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். ஒரு திசைச்சொல்லை வைத்தே மக்கள் நகர்ந்த தடத்தைப் பிடிக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கீழ், கீழை, கீழ என்று இந்தச் சொல் பல வேஷத்தில் வரும். சிதம்பரத்தில் கீழ வீதி, மதுரையில் கீழமாசி வீதி. சென்னையில் இருப்பது கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். ‘மேலைநாடு’, ‘கீழைநாடு’ என்று சொல்லும்போது அவர்கள் உசத்தி, நாம் மட்டம் என்று காதில் விழும், அது வெறும் திசைதான். ஆனால் எல்லா இடத்திலும் வெறும் திசை என்றும் சொல்லிவிட முடியாது. எத்தனையோ ஊர்களில் ‘கீழத்தெரு’ என்று சொன்ன உடனே கேட்பவர் மனதில் சாதிக் கணக்கு ஓடுகிறது. தண்ணீர் வடிந்து வந்து நிற்கிற பக்கத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும்.

சரி, நகரத்துக்கு வருவோம். பேச்சில் பயன்படுத்துகிறோமா? உண்மையைச் சொன்னால், பலகையில் எழுதுவதோடு சரி. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடிக்கிற கடையில் இருபது வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன். நாள் முழுக்க முகவரிதான் என் தொழில். வடக்கு டெர்மினஸ் சாலை, திருவொற்றியூர் கோயிலைச் சுற்றித் தெற்கு மாடவீதி, வடக்கு மாடவீதி, ராயபுரத்தில் கிழக்கு மாதா கோயில் தெரு, மேற்கு மாதா கோயில் தெரு என்று திசைகள் கைக்குள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் வெளியே போய் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். “நேரா போய் லெஃப்ட்ல ஒடி, பீச் சைடு போவாத, டேஷன் சைடு வா” என்பார்கள். ‘கிழக்கே போ’ என்று சொன்னால், வெளியூரா என்று கேட்பார்கள்.

இந்த விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘கிழக்கு மாதா கோயில் தெரு’ என்பதற்குப் பதிலாக ‘மேற்கு’ என்று அடித்துவிட்டேன். முன்னூறு பத்திரிகை. பிழை திருத்தம் பார்த்தவனும் நானேதான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. பெண்ணின் அப்பா ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார். அதற்குள் பாதி பத்திரிகை கொடுத்தாயிற்று. உள்ளூர்க்காரர்கள் ஒருவர் கூட வழி தவறவில்லை. யாரும் தெருப் பெயரைப் படிக்கவே இல்லை, மண்டபத்தின் பெயர் போதும் அவர்களுக்கு. மாட்டியது தூத்துக்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமா மட்டும். அவர் பத்திரிகையை நம்பி ஆட்டோவை மேற்குத் தெருவுக்கு விடச் சொல்லி, அங்கே இறங்கி, டீக்கடையில் “தம்பி, இதுக்கு கெழக்க எப்படிப் போகணும்?” என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். தெற்கத்திக்காரர்களுக்குத் திசை நாக்கிலேயே இருக்கும். தண்ணீர்ச் சொம்பு எங்கே என்றால் கூட ‘அடுப்புக்கு வடக்க’ என்பார்கள். பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரும்படி ஆனபோது, பத்திரிகை அடித்தவன் நான்தான் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு விலக்கு உண்டு, கடலுக்குப் போகிறவர்கள். என் நைனா காசிமேட்டில் விசைப்படகில் டிரைவராக இருந்தார். அவருக்கு லெஃப்ட், ரைட் எல்லாம் ரோட்டில் போகும்போது மட்டும்தான். கடலில் நான்கு திசையும் காற்றுகளும் போதும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். (காசிமேட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்கள் ‘வாடை தாங்கலப்பா’ என்று மூக்கைப் பொத்துவது வேறு வாடை.) கிழக்கே போகப் போக ஆழம். பத்து பாகம், இருபது பாகம் என்று கை விரித்துக் காட்டுவார் (இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம்). கரையில் தொடங்கிய சரிவு தண்ணீருக்கு அடியிலும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறது அல்லவா? கிழக்கு என்றால் கீழ் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “ஜிபிஎஸ் பூட்டா இன்னா, மேற்க வெச்சா எதனா ஒரு கரை வந்துதானே ஆவணும்” என்பார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நாட்டுக்குப் பொருந்துகிற இந்தக் கணக்கு எங்கள் தெருக்களுக்குப் பொருந்தாது. மழை பெய்தால் தண்ணீர் கிழக்கே ஓடிக் கடலில் விழ வேண்டும் அல்லவா? வடசென்னையில் கடலோரம் நெடுகப் பழைய மணல் திட்டு. காசிமேடு என்ற பெயரிலேயே மேடு இருக்கிறது. அதற்கு மேற்கே வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எல்லாம் தாழ்ந்த இடம். அதாவது இங்கே கிழக்குதான் மேல், மேற்குதான் கீழ்! நடுவில் தண்டவாளங்கள், பக்கிங்காம் கால்வாய், எல்லாம் வடக்கு தெற்காகப் படுத்திருக்கின்றன. இந்தக் கால்வாயின் எண்ணூர் வரைக்குமான துண்டு 1806லேயே படகுப் போக்குவரத்துக்காக வெட்டியது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனால் வியாசர்பாடித் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாயில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் ஊர்ந்து போய்த்தான் கடலைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கே இருந்த என் தங்கை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். “கடல் கெழக்கதான இருக்கு, இது ஏண்ணா போவ மாட்டுது?” என்று போனில் கேட்டாள். தொன்மையான தமிழ்ச் சொல் ஒன்று பொய்த்துப்போனதை அவள் வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தேன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

கடைசியாகச் சூரியனுக்கும் வந்துவிடுவோம். சரியாகக் கிழக்கில் சூரியன் உதிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவைதான், மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. சென்னையிலிருந்து பார்த்தால் ஜூனில் ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. எங்களுக்கு அளவுகோல் தேவையில்லை. காசிமேட்டில் நின்றால் ஆனி மாதத்தில் எண்ணூர்ப் பக்கம் சாய்ந்து வரும், மார்கழியில் ஹார்பர்ப் பக்கம் சாய்ந்து வரும்.

பொங்கல் வருவது மார்கழி முடிந்த கையோடு. அதனால் அன்றைக்குச் சூரியன் இருக்கும் பக்கம் அசல் கிழக்கே இல்லை. இது எனக்கு உறைத்ததே போன பொங்கலுக்குத்தான். ஆயா இல்லை, சில்லு வைக்கிற பதவி எனக்கு வந்துவிட்டது. என் மகள் செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றாள்.

“எந்தக் கிழக்குப்பா? சூரியன் இருக்கிற கிழக்கா, போன் காட்டுற கிழக்கா?”

கொஞ்சம் யோசித்தேன். ஆயா எப்போதும் சந்து முனையில் தெரியும் கடலுக்கு நேராகத்தான் சாய்க்கும், சூரியனைப் பார்த்ததாக நினைவில்லை. போன் காட்டியதும் அந்தப் பக்கம்தான். மேற்கே சில்லை வைத்தேன், பானையும் ஒழுங்காகச் சாய்ந்தது. பால் மட்டும் தெற்குப் பக்கம் பொங்கியது. அந்தப் பக்கம் விறகு அதிகம் தள்ளியிருந்தேன்.