சாம்பார் நிறுத்தம், பீர் தொடர்ச்சி

கேள்வி: வயது 46. போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு இடது கால் கட்டைவிரலில் உயிர் போகிற வலி. விரல் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்து, போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. யூரிக் ஆசிட் 8.9, 'கவுட்' என்றார்கள். ஒரு வருடத்தில் இது மூன்றாவது முறை. வலி விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவேன். வீட்டில் சாம்பார், கீரை எல்லாம் கட். பீர் மட்டும் எப்போதாவது. மாத்திரை ஆயுளுக்குமா டாக்டர்?
- வாசகர், கரூர்

பதில்: சாம்பாரை நிறுத்திவிட்டு பீரை வைத்துக்கொண்டீர்களே, நல்ல கணக்கு! பருப்பு, கீரையால் கவுட் வருவதில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். விட வேண்டியது பீர், ஈரல், பாட்டில் கூல்டிரிங்ஸ். மட்டன், மத்தி, நெத்திலியைக் குறையுங்கள். ஆனால் வாயைக் கட்டினால் மட்டும் 8.9 இறங்கிவிடாது. யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கு உடம்பே தயாரிப்பது, அதைச் சிறுநீரகம் போதுமான அளவு வெளியேற்றாததுதான் பெரும்பாலும் கோளாறு.

அளவு 6.8-ஐத் தாண்டினால் கரையாமல் ஊசி ஊசியாக மூட்டில் படியும். வலி ஒன்றிரண்டு வாரத்தில் தானே போகும், ஊசி போகாது. அதனால் மாத்திரையும் இரண்டு வகை. வலிக்கு கோல்சிசின், ஆரம்பித்த அன்றே போட்டால் நன்றாகக் கேட்கும். (உங்களுக்குப் பக்கத்தில் மூலனூரில் பயிரிடுகிறார்களே கண்வலிக்கிழங்கு, அதன் விதையில் இருப்பதும் இதே சரக்குதான், அதற்காக அரைத்துக் குடித்துவிடாதீர்கள், ஆளைக் கொல்லும்.) இன்னொன்று அலோபியூரினால். வழக்கமாக 100 மில்லிகிராமில் தொடங்கி, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வரும்வரை டாக்டர் கூட்டிக்கொண்டே போவார். ஆமாம், பெரும்பாலும் ஆயுளுக்கும்தான், பிரஷர் மாத்திரை மாதிரி. முதல் சில மாதம், படிந்தது கரையும்போது வலி திரும்ப வரலாம், 'மாத்திரைதான் வலியைக் கிளப்பியது' என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். அதைத் தடுக்கத்தான் கூடவே சின்ன டோஸில் கோல்சிசின் கொடுப்பது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அப்புறம், பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா? அதில் சிலவகை மாத்திரை யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும், சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: வலி எதுவும் இல்லை, செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.6. மாத்திரை ஆரம்பிக்கலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். கல்லடைப்பு வந்ததுண்டா என்று மட்டும் யோசியுங்கள், வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.